இறுதிக் கிரியையும் யாக்கோபின் கிரியையும்

போன மாரியில் எங்கள் ஒழுங்கையில் ஒரு செத்த வீடு. திருகோணமலையில் யார் போனாலும் சேதி முதலில் ஏறுவது மின்கம்பத்தில்தான். அன்று பொழுதுபடுவதற்குள் மரண அறிவித்தல் அச்சாகி, பசை காயாமல் சந்திக்குச் சந்தி ஒட்டியாகிவிடும். இறந்தவர் மெதடிஸ்த சபைக் கிறிஸ்தவர். அச்சகத்துப் பெடியன் கணினியில் ஏற்கெனவே கிடந்த மாதிரியை எடுத்துப் பெயரையும் படத்தையும் மட்டும் மாற்றியிருக்கிறான். "அன்னாரின் இறுதிக் கிரியைகள் நாளை பிற்பகல் 3 மணிக்கு" என்று வந்துவிட்டது. வேதக்காரர் வீட்டு அறிவித்தலில் வழக்கமாகப் போடுவது "நல்லடக்க ஆராதனை". மகன் தலையில் அடித்துக்கொண்டான். வெள்ளைத் தாளில் அந்த இரண்டு சொல்லையும் எழுதி, கீற்றுக் கீற்றாக வெட்டி, கம்பம் கம்பமாகப் போய் அந்த வரிக்கு மேல் ஒட்டினான்.

பந்தலுக்குக் கீழே என் பக்கத்துக் கதிரையில் ஓய்வுபெற்ற மாஸ்டர் ஒருவர் இருந்தார். சைவர், வெள்ளிக்கிழமை தவறாமல் கோணேசர் கோயிலுக்குப் போகிறவர். தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு எதிர்க் கம்பத்தில் இருந்த அந்தக் கீற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, ஒரு சின்னச் சந்தேகம். கிரியை இல்லாத விசுவாசம் செத்தது எண்டு உங்கட வேதத்திலயே இருக்குதாம். பிறகேன் அந்தப் பெடியன் கிரியையை மறைச்சு ஒட்டிக்கொண்டு திரியிறான்?"

சிரிப்பு வந்தது. செத்த வீடு என்பதால் தேத்தண்ணியைக் குடித்துச் சமாளித்தேன்.

மறுநாள் ஆராதனையில் உறவுக்கார போதகர் ஒருவருக்கு ஐந்து நிமிடம் கொடுத்தார்கள். சுயாதீன சபை ஒன்றை நடத்துகிறவர். "நல்ல மனுசனா வாழ்ந்ததால ஒருத்தரும் இரட்சிக்கப்படுறதில்லை, விசுவாசம் ஒண்டுதான்" என்று அழுத்திச் சொன்னார். பின்வரிசையில் இருந்த என் மாமி கத்தோலிக்கர். சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு, ஆனால் நாலு வரிசைக்குக் கேட்கும்படி, "சுனாமி நேரம் அந்த மனுசன் செய்ததுக்கே மோட்சம் கிடைக்கும்" என்றார். 2004 டிசம்பர் 26, நத்தாருக்கு மறுநாள், ஞாயிறு. கரையோரத்துச் சனம் முழுக்கப் பள்ளிக்கூடங்களுக்குள் ஒதுங்கியிருந்த அந்த நாட்களில், இறந்தவர் இரண்டு கிழமை அண்டாவில் சோறு வடித்தார். வரிசையில் நின்ற ஒருவரிடமும் எந்தச் சமயம் என்று கேட்கவில்லை.

மாஸ்டர், போதகர், மாமி. மூன்று பேர் சொன்னதும் ஒரே விடயத்தைச் சுற்றித்தான். மனிதன் கடவுளிடம் ஏற்றுக்கொள்ளப்படுவது நம்பியதாலா, செய்ததாலா? மேற்குத் திருச்சபை கத்தோலிக்கம், புரட்டஸ்தாந்தம் என்று இரண்டாகப் பிளந்ததற்கு நடுக் காரணம் இந்தக் கேள்வி. ஆனால் நம் ஊரில் இதைப் பற்றி நடக்கிற சண்டையில் பாதி, சொற்களால் வருகிற சண்டை. அதனால் சொல்லில் இருந்தே தொடங்குகிறேன்.

எங்கள் வீட்டில் இரண்டு வேதப்புத்தகம் உண்டு. அப்பா வழி மெதடிஸ்தம் (புரட்டஸ்தாந்தப் பிரிவுகளில் ஒன்று), அம்மா வழி கத்தோலிக்கம். அப்பாவுடையது 1871-இல் வெளிவந்த மொழிபெயர்ப்பின் வழிவந்தது. அதில் விசுவாசம், கிரியை, கிருபை, இரட்சிப்பு, நீதிமானாக்கப்படுதல். அம்மாவுடையது 1995-இல் வந்த திருவிவிலியம். அதில் நம்பிக்கை, செயல், அருள், மீட்பு, கடவுளுக்கு ஏற்புடையவராதல். புதிய ஏற்பாட்டில் பல கடிதங்களை எழுதிய பவுல் இரண்டிலும் ஒருவர்தான். (அம்மம்மாவுக்கு அவர் கடைசிவரை சின்னப்பர்.) ஆனால் இரண்டு புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்தால் இரண்டு வேறு ஆட்கள் எழுதிய கடிதம் போல இருக்கும். இன்னொரு கூத்தும் உண்டு. அம்மாவின் புத்தகத்தில் "நம்பிக்கை" என்று இருப்பதுதான் அப்பாவின் புத்தகத்தில் "விசுவாசம்". அப்பாவின் புத்தகத்தில் "நம்பிக்கை" என்று இருந்தால் அது அம்மாவின் புத்தகத்தில் "எதிர்நோக்கு". இரண்டு பேர் சாப்பாட்டு மேசையில் வாதிட்டால், ஒருவர் ஒன்றைச் சொல்ல மற்றவர் வேறொன்றைக் கேட்பார்.

கிரியை என்ற சொல்லில் சிக்கல் இன்னும் ஆழம். செய்வது என்பதுதான் அதன் அடிப்படைப் பொருள். சைவத்தில் சரியை, கிரியை, யோகம், ஞானம் என்ற நான்கில் அது இரண்டாவது படி. அன்றாடப் பேச்சில் அது இன்னும் ஒடுங்கி, ஐயர், தர்ப்பை, எள்ளுத் தண்ணீர், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி என்று சடங்கையே குறிக்கிறது. மாஸ்டர் சொன்னது, புதிய ஏற்பாட்டில் யாக்கோபு எழுதிய நிருபத்தின் (கடிதத்தின்) வசனம். அவருக்கு அது அப்படித்தான் கேட்டிருக்கிறது: சடங்கு செய்யாதவன் நம்பி என்ன பயன்? யாக்கோபு சொன்னது அதற்கு நேர் எதிர்ப்பக்கம். ஆனால் அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு அவரைக் குறை சொல்ல முடியாது.

கிரேக்க மூலத்திலும் பவுலும் யாக்கோபும் ஒரே சொல்லைத்தான் எழுதுகிறார்கள்: எர்கோன், வேலை. அதற்குச் சடங்கு வாசம் கிடையாது. ஆனால் பவுல் முக்கியமான இடங்களில் அதை வெறுமனே விடுவதில்லை, முன்னால் ஒரு சொல்லைச் சேர்க்கிறார். ரோமருக்கு அவர் எழுதிய கடிதத்தில் 3:28-ஐ அப்பாவின் புத்தகத்தில் பாருங்கள்: "மனுஷன் நியாயப்பிரமாணத்தின் கிரியைகளில்லாமல் விசுவாசத்தினாலே நீதிமானாக்கப்படுகிறான்." நியாயப்பிரமாணம் என்றால் மோசேயின் சட்டம். அதன் கிரியைகளில் அந்தக் காலத்தில் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிந்தவை விருத்தசேதனம் (சுன்னத்து), உணவு விலக்கு, ஓய்வுநாள்.

இதன் காரத்தைப் புரிந்துகொள்ள ரோமரை விடப் பவுலின் இன்னொரு கடிதமான கலாத்தியர் 2-ஆம் அதிகாரம் உதவும். நம் ஆட்களுக்கு அதை விளக்கவே தேவையில்லை, ஏனென்றால் அது ஒரு பந்திச் சண்டை. அந்தியோகியா சபையில் யூதரும் யூதரல்லாதவரும் சேர்ந்திருந்து சாப்பிட்டார்கள். இயேசுவின் முதன்மைச் சீடரான பேதுருவும் கூட இருந்து சாப்பிட்டார். எருசலேமிலிருந்து, அதுவும் யாக்கோபிடமிருந்து, சிலர் வந்ததும் பேதுரு மெல்ல எழும்பி வேறு பந்திக்குப் போய்விட்டார். பவுல் எல்லோருக்கும் முன்னால் அவரைப் பிடித்து விளாசினார். யாரோடு யார் இருந்து சாப்பிடலாம், எந்தச் செம்பில் யாருக்குத் தண்ணீர் என்று பார்த்தே வளர்ந்த ஊர்களில் இந்தக் காட்சி உடனே விளங்கும். அந்தச் சண்டைக்கு நடுவில்தான் "நியாயப்பிரமாணத்தின் கிரியைகளினாலே மனுஷன் நீதிமானாக்கப்படுவதில்லை" என்ற கருத்தைப் பவுல் முதலில் எழுத்தில் வைக்கிறார். எங்களுடைய அடையாளத்தை முதலில் உடம்பில் வாங்கிக்கொள், பிறகு பந்திக்கு வா என்பவர்களுக்குச் சொன்ன பதில் அது. ஏழைக்குச் சோறு போடுவது வீண் என்று யாரும் அங்கே பேசவில்லை.

1977-இல் ஈ. பி. சான்டர்ஸ், பிறகு ஜேம்ஸ் டன், என்.டி. ரைட் போன்ற ஆய்வாளர்கள் இந்தப் பக்கத்தை அழுத்திச் சொன்னார்கள். அன்றைய யூதர்கள் புண்ணியக் கணக்குப் பார்த்து மோட்சம் வாங்கப் பார்த்தவர்கள் என்ற பழைய சித்திரம் தவறு, பவுல் தாக்கியது எல்லைக்கோடு போடும் சட்டங்களை என்பது அவர்கள் வாதம். பெரும்பகுதி சரி என்றுதான் எனக்குப் படுகிறது. ஆனால் முழுக்க அல்ல. ரோமர் 4-இல் பவுல் சட்டத்தைத் தாண்டி, கூலிக் கணக்கையே எடுக்கிறார்: வேலை செய்தவனுக்கு வருகிற கூலி கிருபை அல்ல, கடன். கடவுளைக் கடன்காரன் ஆக்க முடியாது என்பதே அவர் சொல்ல வருவது. போதகர் அன்று சொன்னதற்கு இந்த இடத்தில் பலமான ஆதாரம் இருக்கிறது. இறந்தவர் வீட்டுக்காரர் முன்னால் சொல்ல வேண்டிய நேரமா என்பது வேறு கதை.

சரி, யாக்கோபு. அவருக்கு முன்னால் நிற்கிற ஆட்களே வேறு. ஒரு சகோதரனோ சகோதரியோ உடுக்க இல்லாமல், அன்றாடச் சாப்பாடு இல்லாமல் நிற்கும்போது, "சமாதானத்தோடே போங்கள், குளிர்காய்ந்து பசியாறுங்கள்" என்று வாயால் சொல்லி அனுப்புகிறவர்கள். சுனாமிக்குப் பிறகு இந்த வசனத்தை நான் கண்ணால் பார்த்தேன். கையில் ஒன்றும் இல்லாமல் வந்து, உங்களுக்காக ஜெபிக்கிறோம் என்று சொல்லி, படமும் பிடித்துக்கொண்டு போன கூட்டங்கள் உண்டு. யாக்கோபு அத்தகையவர்களைப் பார்த்து, கடவுள் ஒருவர் உண்டென்று பிசாசுகளும் விசுவாசித்து நடுங்குகின்றன என்கிறார். அவர் செத்தது என்று சொல்லும் விசுவாசம் தலையாட்டுகிற விசுவாசம். பவுல் உயிரையே வைத்துப் பேசிய விசுவாசம், ஒருவரிடம் தன்னை ஒப்புக்கொடுப்பது. விசுவாசமுள்ள நாய் என்று நாம் சொல்லும்போது அந்தச் சொல்லில் நம்புவதும் உண்மையாக இருப்பதும் சேர்ந்தே வருகிறது அல்லவா? கிரேக்கத்தின் பிஸ்டிஸ் என்ற சொல்லும் அந்த இரண்டையும் தாங்கும். அந்த வகையில் அப்பாவின் புத்தகம் நல்ல சொல்லைத்தான் பிடித்திருக்கிறது.

பவுலும் யாக்கோபும் யூதரின் முற்பிதாவான ஆபிரகாமையே சாட்சிக்கு அழைக்கிறார்கள், அதுவும் ஆதியாகமம் 15:6 என்ற ஒரே வசனத்தோடு. ஆனால் பவுல் நிறுத்துவது 15-ஆம் அதிகாரத்து ஆபிரகாமை. பிள்ளை இல்லாத கிழவன், வானத்து நட்சத்திரங்களைப் பார்த்து வாக்கை நம்புகிறான். விருத்தசேதனம் 17-ஆம் அதிகாரத்தில்தான் வருகிறது என்பதைப் பவுல் சுட்டிக்காட்டுகிறார். யாக்கோபு நிறுத்துவது 22-ஆம் அதிகாரத்து ஆபிரகாமை, மகனைப் பலிபீடத்தில் கிடத்தியவனை. ஒருவர் கதையின் தொடக்கத்தைப் பிடிக்கிறார், மற்றவர் அது எங்கே போய் முடிந்தது என்பதைப் பிடிக்கிறார்.

இதில் எனக்குப் பிடித்த ஒரு நுணுக்கம். யாக்கோபு 2:24 கிரேக்கத்தில் கறாரானது: மனுஷன் கிரியைகளினால் நீதிமானாக்கப்படுகிறான், விசுவாசத்தினால் மாத்திரம் அல்ல. அப்பாவின் புத்தகத்தில் அது "விசுவாசத்தினாலேமாத்திரமல்ல, கிரியைகளினாலேயும்" என்று இருக்கிறது. ஒரு "உம்" சேர்ந்திருக்கிறது! அந்த ஓர் இடைச்சொல்லில் யாக்கோபு எவ்வளவு மெலிந்துபோகிறார் பாருங்கள். கிரியைதான் என்றவர், கிரியையும்கூட என்கிறவர் ஆகிவிட்டார். புரட்டஸ்தாந்தத்தைத் தொடங்கிவைத்த ஜெர்மன் துறவி லூதர் 1522-இல் புதிய ஏற்பாட்டை ஜெர்மனில் பெயர்த்தபோது ரோமர் 3:28-இல் மூலத்தில் இல்லாத "மட்டும்" என்ற சொல்லைச் சேர்த்தார் என்று கத்தோலிக்கர் இன்றும் குத்திக்காட்டுவார்கள். அது மூலத்தின் கருத்து, ஜெர்மன் மொழி அதைக் கேட்கிறது என்று அவர் வாதிட்டார். ஆக, அங்கே ஒரு "மட்டும்", இங்கே ஒரு "உம்". மொழிபெயர்ப்பாளர் கை படாத வேதம் எந்த மொழியிலும் இல்லை.

லூதருக்குமுன் ஆயிரம் ஆண்டுக் கதை ஒன்று இருக்கிறது, அதை வேகமாகத் தாண்டுகிறேன். ஐந்தாம் நூற்றாண்டில் பெலாஜியுஸ் என்ற துறவி, மனிதன் முயன்றால் நல்லவனாக வாழ முடியும் என்று அழுத்திச் சொன்னார். வட ஆபிரிக்காவின் அகுஸ்தீன், அந்த முயற்சியின் தொடக்கமே கடவுளின் அருளில் இருந்துதான் வருகிறது என்றார். 418-இல் கார்த்தேஜ், 529-இல் ஓரஞ்சு நகரங்களில் கூடிய ஆயர் சங்கங்கள் அகுஸ்தீன் பக்கம் நின்றன. செய்கையால் மோட்சத்தைச் சம்பாதிக்கலாம் என்பது கத்தோலிக்கக் கோட்பாடு என்று நினைக்கிறவர்கள் இந்த இரண்டு ஆண்டையும் குறித்துவைத்துக்கொள்ளலாம்.

கோட்பாடு அப்படி இருக்க, நடைமுறை வேறு வழியில் போயிற்று. ரோமில் பேதுரு பேராலயம் கட்டப் பணம் தேவைப்பட்ட காலத்தில் பாவமன்னிப்புச் சீட்டு விற்பனை ஜெர்மனியில் சந்தைக் கூச்சலாகவே நடந்தது. செத்துப்போன தாய் தகப்பன் உத்தரிக்கிற ஸ்தலத்தில் (மோட்சத்துக்கு முன் ஆன்மா சுத்தமாகும் இடத்தில்) படுகிற வேதனையைக் காசு கொடுத்துக் குறைக்கலாம் என்று ஊர் ஊராகச் சொன்னார்கள். 1517 அக்டோபர் 31-ஆம் தேதி லூதர் தம் 95 குறிப்புகளை வெளியிட்டது அதற்கு எதிராகத்தான். சீட்டு விற்பனையை 1567-இல் பாப்பரசர் ஐந்தாம் பத்திநாதர் ஒழித்தார். விற்பனை போனாலும், பாவத்துக்குரிய தண்டனையைத் திருச்சபை குறைக்கலாம் என்ற கோட்பாடு கத்தோலிக்கத்தில் இன்றும் இருக்கிறது. முழுக்கக் குறைப்பதைப் பழைய ஆட்கள் பரிபூரண பலன் என்பார்கள்.

லூதர் காசை மட்டும் எதிர்த்திருந்தால் அது ஒரு ஊழல் வழக்காக முடிந்திருக்கும். அவருடைய உண்மையான கேள்வி, நான் போதுமான அளவு செய்துவிட்டேன் என்று எப்போது தெரியும் என்பது. துறவியாக உபவாசம், பாவசங்கீர்த்தனம் என்று உடம்பை வருத்திப் பார்த்தும் அவருக்கு நிம்மதி வரவில்லை. அவர் கண்ட பதில் ஒரு நீதிமன்றத் தீர்ப்பு போன்றது. குற்றவாளிக் கூண்டில் நிற்கிறவனுக்குக் கிறிஸ்துவின் நீதி கணக்கில் எழுதப்படுகிறது. அவன் குற்றமற்றவன் என்று தீர்ப்பாகிறது. உள்ளே அவன் இன்னும் பாவிதான். நல்ல செய்கைகள் அந்தத் தீர்ப்புக்குப் பிறகு, நல்ல மரத்தில் பழம் காய்க்கிற மாதிரி வரும். யாக்கோபின் நிருபத்தை 1522 முன்னுரையில் வைக்கோல் நிருபம் என்று அவர் எழுதியதும் இந்தச் சூட்டில்தான். அவசரப்பட்டுவிட்டார் என்றே நினைக்கிறேன்.

கத்தோலிக்கத்தின் பதில், ஆயர்கள் கூடிய திரெந்து பொதுச்சங்கத்தில், 1547 ஜனவரி 13-ஆம் தேதி வந்தது. லூதர் அதற்குப் பதினொரு மாதம் முன்பே இறந்துவிட்டார். நீதிமன்றத்துக்குப் பதில் இவர்கள் காட்டுவது ஆஸ்பத்திரி. கடவுள் பாவியை நீதிமான் என்று அறிவிப்பதோடு நிறுத்தாமல் அவனை உள்ளிருந்து குணப்படுத்துகிறார். அந்தக் குணமாகுதலும் மீட்பின் பகுதி. குணமாகிறவன் கால் ஊன்றி நடக்கிறான், அந்த நடைக்கும் மதிப்பு உண்டு. விசுவாசம் மட்டும் போதும் என்பதைச் சங்கம் கண்டித்தது. ஆனால் அதே ஆவணத்தின் முதல் விதி, அருள் இல்லாமல் தன் சொந்தச் செய்கையால் மனிதன் நீதிமானாகலாம் என்பவனையும் கண்டிக்கிறது. அருளுக்கு முன்னால் வருகிற எதுவும், அது விசுவாசமாக இருந்தாலும் செய்கையாக இருந்தாலும், அந்த அருளைச் சம்பாதிக்காது என்றும் சொல்கிறது. மாமி அன்று பின்வரிசையில் சொன்னது, அந்த வடிவில், திரெந்து ஏற்காத வாசகம். மாமியிடம் இதைச் சொல்கிற தைரியம் எனக்கு இல்லை.

அப்படியானால் நற்செய்கைக்குப் பலன் உண்டு என்று கத்தோலிக்கர் சொல்வது என்ன? கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு நான் ஒரு காட்சியைச் சொல்வதுண்டு. பெரியவர்கள் இரண்டு வரிசையாக நின்று தோளைக் கொடுத்து இழுப்பார்கள். கயிற்றின் வால்பக்கம் ஏழெட்டு வயதுப் பொடியன்கள் தொங்குவார்கள். அவர்கள் இழுப்பதால் வலை ஒரு விரற்கடை கூட நகராது, சில நேரம் பாரம்தான் கூடும். மடி கரையேறி மீனைக் கொட்டியதும் சம்மாட்டி ஒரு கை சூடை மீனை அள்ளி அந்தப் பொடியன்களுக்கும் போடுவார். வீட்டுக்கு ஓடிப்போய் "அம்மா, நான் வலை இழுத்து உழைச்ச மீன்" என்று பொடியன் கொடுப்பான். உழைத்ததுதான், பொய் இல்லை. சம்மாட்டியின் வலை, சம்மாட்டியின் தோணி, சம்மாட்டியின் மனசு என்பதும் பொய் இல்லை. கடவுள் நம் பலன்களுக்கு முடிசூட்டும்போது தம்முடைய கொடைகளுக்கே முடிசூட்டுகிறார் என்று அகுஸ்தீன் சொன்னதை நான் விளங்கிக்கொள்வது அப்படி. லூதர் இதைக் கேட்டால், பொடியன் நாளைக்குக் கூலி கேட்டு வந்து நிற்பானே என்பார். அந்தப் பயமும் நியாயமானதுதான்.

ஐரோப்பாவின் இந்தச் சண்டை எங்கள் கடற்கரைக்கு வந்தது கப்பலிலும் பீரங்கியிலும். 1622-இல் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கல்லையும் சேர்த்துக் கோட்டை கட்டினார்கள். 1639-இல் ஒல்லாந்தர் அதைப் பிடித்தார்கள். போர்த்துக்கேயர் கத்தோலிக்கர், ஒல்லாந்தர் கல்வின் வழிச் சீர்திருத்த சபையினர். 1618-19-இல் தோர்ட் நகரில் கூடிய அவர்களுடைய சங்கம், மீட்புக்கென்று கடவுளால் தெரிந்துகொள்ளப்படுவது முழுக்க முழுக்கக் கிருபை, மனிதனிடம் முன்கூட்டியே பார்த்த விசுவாசத்தால்கூட இல்லை என்று முடிவு செய்திருந்தது. அவர்கள் படித்த ஹைடெல்பெர்க் வினாவிடை (1563) அழகான ஒழுங்கு கொண்டது. மனிதனின் கேடு, விடுதலை, நன்றி என்று மூன்று பாகம். பத்துக் கட்டளைகளும் நற்செய்கைகளும் மூன்றாம் பாகத்தில், நன்றிக்குக் கீழே வருகின்றன. கடன் அடைக்கச் செய்யாதே, நன்றிக்குச் செய்.

தாளில் இப்படி. ஆட்சியில் என்ன நடந்தது? அரசாங்க உத்தியோகம் வேண்டும் என்றால் ஞானஸ்நானம் வேண்டும் என்றார்கள். சனம் வரிசையில் வந்து தண்ணீர் வாங்கிக்கொண்டு போயிற்று. அரசாங்கக் கிறிஸ்தவர்கள் என்று அவர்களுக்குப் பெயரே உண்டு. 1795-96-இல் பிரித்தானியர் வந்து அந்த நிபந்தனை தளர்ந்ததும் அந்தத் தொகை கரைந்துபோயிற்று. விசுவாசம் மட்டுமே என்று முழங்கிய சபை, பவுல் எதிர்த்த அதே வகைக் கிரியையை, உடம்பில் வாங்குகிற ஓர் அடையாளத்தை, பந்திக்கு நுழைவுச் சீட்டாக வைத்தது. கோயில் கல்லால் கோட்டை கட்டியவர்களைப் பற்றி யாக்கோபு என்ன சொல்லியிருப்பார் என்று சொல்லவே தேவையில்லை. அதே ஒல்லாந்தர் காலத்தில் கத்தோலிக்க வழிபாடு தடை. 1687-இல் கோவாவிலிருந்து மறைவாக வந்த யோசேப் வாஸ் என்ற குருவானவர், 1697-இல் கண்டியில் அம்மை நோய் பரவியபோது, எல்லோரும் விட்டுவிட்டு ஓடிய நோயாளிகளைக் கழுவித் துடைத்துப் பார்த்துக்கொண்டார். 2015-இல் அவரைப் புனிதர் என்று அறிவித்தார்கள். அவர் அதைப் பலனுக்காகச் செய்தாரா நன்றிக்காகச் செய்தாரா என்று நோயாளி கேட்டிருக்க மாட்டான்.

மெதடிஸ்தர்கள் 1814-இல் இலங்கைக்கு வந்தார்கள். அவர்களுடைய தொடக்கமே இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. ஜான் வெஸ்லி 1738 மே 24-ஆம் தேதி மாலை, இலண்டனில் ஒரு கூட்டத்தில், ரோமர் நிருபத்துக்கு லூதர் எழுதிய முன்னுரையை யாரோ வாசிக்கக் கேட்டு உள்ளம் அனல்கொண்டார். இனி விசுவாசம் மட்டும் என்று படுத்துவிட்டாரா? இல்லை. பக்திச் செய்கை, இரக்கச் செய்கை என்று இரண்டையும் பிரித்து, இரண்டும் மோதினால் இரக்கத்துக்கே முதலிடம் என்றார். வாசிப்பதையும் ஜெபிப்பதையும்கூட நிறுத்திவிட்டுப் போகலாம் என்று பிரசங்கம் செய்தார். ஞாயிறு ஆராதனைக்குப் போகாமல் அண்டாவுக்குப் பக்கத்தில் நின்ற எங்கள் ஒழுங்கைக்காரர், தெரிந்தோ தெரியாமலோ, நல்ல மெதடிஸ்தர்.

1999 அக்டோபர் 31-ஆம் தேதி, ஜெர்மனியின் அவுக்ஸ்பர்க் நகரில், லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் வத்திக்கானும் இதைப் பற்றிக் கூட்டறிக்கை ஒன்றில் கையெழுத்திட்டன. சுருக்கம் இது: நம்முடைய எந்தத் தகுதியாலும் அல்லாமல், அருளால் மட்டும், கிறிஸ்துவின் மீட்புச் செயலில் வைக்கும் விசுவாசத்தில் நாம் ஏற்றுக்கொள்ளப்படுகிறோம்; ஏற்றுக்கொள்ளப்பட்ட நம்மைத் தூய ஆவியார் புதுப்பித்து நற்செயல்களுக்கு அழைக்கிறார். 2006-இல் உலக மெதடிஸ்த மன்றமும் 2017-இல் சீர்திருத்தத் திருச்சபைகளின் உலக ஒன்றியமும் சேர்ந்துகொண்டன. ஆக, காகிதத்தில் அப்பாவின் சபையும் அம்மாவின் சபையும் நடுக் கேள்வியில் 2006-இலேயே ஒத்துப்போய்விட்டன. எங்கள் ஊரில் இதைப் பற்றி ஒரு பிரசங்கம்கூட நான் கேட்டதில்லை. பழைய சண்டைதான் இன்னும் சூடாக ஓடுகிறது.

எல்லாம் தீர்ந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. பலன் என்ற சொல்லைப் பயன்படுத்தலாமா, ஏற்றுக்கொள்ளப்பட்டவன் இன்னும் பாவி என்று சொல்லலாமா, நான் இரட்சிக்கப்பட்டேன் என்று ஒருவர் நிச்சயமாகச் சொல்ல முடியுமா என்பதில் இழுபறி இருக்கிறது. சுயாதீன சபைகள் பல இந்த அறிக்கைக்கு வெளியே நிற்கின்றன. அங்கே "எந்த நாள் இரட்சிக்கப்பட்டீங்க?" என்பது பெயர் கேட்பதைப் போலச் சாதாரணமான கேள்வி. கத்தோலிக்கரிடம் அதைக் கேட்டால் நாள்காட்டியைத் தேடுவார்கள். அவர்களுக்கு அது தொட்டிலில் தொடங்கிக் கட்டிலில் முடிகிற நடை. "இரட்சிப்பு நிறைவேறப் பிரயாசப்படுங்கள்" என்று பிலிப்பியர் 2:12-ஐ ஒருவர் காட்டுவார். மற்றவர் அடுத்த வசனத்தைக் காட்டுவார்: அந்த விருப்பத்தையும் செய்கையையும் உங்களுக்குள் உண்டாக்குகிறவர் தேவன். இரண்டு வசனத்துக்கும் நடுவில் இருப்பது "ஏனெனில்". அதை யாரும் காட்டுவதில்லை.

இயேசுவுக்குப் பக்கத்தில் சிலுவையில் தொங்கிய கள்ளன் கதையைப் போதகர் அன்று சொன்னார். ஒரு நற்செய்கையும் செய்ய நேரமில்லாமல் பரதீசுக்குப் போனவன். சரிதான், ஆனால் அவன் பக்கத்துக் கள்ளனைக் கண்டித்து, எல்லோரும் பழித்த ஒருவருக்காக வாய் திறந்தான். ஆணியில் தொங்குகிறவனால் அதற்கு மேல் என்ன செய்ய முடியும்? மத்தேயு 25-ஐயும் அவர் சொல்லியிருக்கலாம். பசித்தவனுக்குச் சோறு கொடுத்தவர்கள் தீர்ப்பு நாளில், ஆண்டவரே, எப்போது உமக்குக் கொடுத்தோம் என்று திகைக்கிறார்கள். அவர்களிடம் கணக்குப் புத்தகமே இல்லை. கணக்கு வைத்திருந்தவர்கள் இடப்பக்கம், தண்டனைக்கு நிற்கிறவர்கள்தான் என்று எனக்குத் தோன்றும்.

ஒரு கிழமை கழித்து மாஸ்டரோடு கோணேசர் கோயில் பக்கம் நடந்தபோது இதையெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னேன். கோட்டைக்குள் மான்கள் நிழலில் படுத்திருந்தன. மேலே ஏறுகிற வழியில் மதிலில் ஒரு தாய்க் குரங்கு தாவியது. வயிற்றில் குட்டி இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தது.

"வைணவக்காரருக்கும் இந்தப் பிரச்சினை இருக்குது தம்பி. குரங்குக் குட்டி தாயைப் பிடிக்க வேணும் எண்டு வடகலை. பூனைக் குட்டி சும்மா கிடக்கும், தாய் கவ்விக்கொண்டு போகும் எண்டு தென்கலை. உங்கட போதகர் பூனைக் கட்சி, மாமி குரங்குக் கட்சி."

கிட்டத்தட்டச் சரி என்றேன். திரெந்து என்றால், குட்டி பிடிக்கிறது, பிடிக்கிற கையும் தாய் தந்தது என்று சொல்லும் என்றேன்.

கொஞ்ச தூரம் பேசாமல் வந்தார். பிறகு, "அப்ப நான் எந்தப் பக்கம்?" என்றார்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் சொன்னதைச் சொன்னேன். தம் குற்றத்தால் அல்லாமல் நற்செய்தியை அறியாதவர்கள், நேர்மையான மனத்தோடு கடவுளைத் தேடி, மனச்சாட்சி காட்டுகிறபடி அருளின் துணையோடு நடந்தால் அவர்களும் மீட்படையலாம் என்கிறது அது. அங்கேயும் அருள் இல்லாமல் செய்கை தனியே நிற்கவில்லை. போதகர் இதை ஏற்கமாட்டார் என்பதையும் மறைக்காமல் சொன்னேன்.

"அறியாதவர்கள் எண்டா நான் இல்லை. நீர்தான் இப்ப எல்லாத்தையும் சொல்லிப்போட்டீரே," என்றார் மாஸ்டர். எனக்குப் பதில் வரவில்லை.

இறங்கி வரும்போது மழை பிடித்துக்கொண்டது. எங்கள் சந்திக் கம்பத்தில் அந்த அறிவித்தல் இன்னும் இருந்தது. பசை ஊறி, மகன் ஒட்டிய கீற்று ஒரு பக்கம் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. "நல்லடக்க" என்பதும் "கிரியைகள்" என்பதும் ஒரே வரியில் தெரிந்தன. மாஸ்டர் குடையை என்னிடம் கொடுத்துவிட்டு, கிட்டப் போய், கீற்றை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தார். அது ஒட்டவில்லை.